கருப்பாயியின் கல்லீரல்

1938, ஐப்பசி, வெள்ளி இரவு

பெரிய டாக்டராம்! இந்த ஆளிடம் உதவி டாக்டராக இருப்பதற்கே கூசுகிறது.

வில்லாபுரத்துக் கருப்பாயி இன்று மறுபடியும் வந்தாள். போன வருஷம் விலா வலியென்று வந்தவளுக்கு, கல்லீரல் எக்ஸ்ரே படத்தில் தெளிவாக விழ வேண்டுமென்று நரம்பில் தோரியம் மருந்தை ஏற்றியவர் இவர்தான். இன்று ஊசி போடாமலே எக்ஸ்ரே எடுத்தோம். கல்லீரல் அன்று போலவே வெள்ளை வெளேரென்று விழுந்தது. மருந்து உள்ளேயே தங்கிவிட்டது.

மனிதர் பதறவில்லை, பூரித்துப்போனார். "பாத்தீங்களா! ஆயுசுக்கும் இவளுக்கு இனி ஊசியே வேண்டாம்."

"அது எப்பங்கய்யா வெளிய போகும்?" என்றாள் கருப்பாயி.

"அது பாட்டுக்குக் கெடக்கும். ஒண்ணும் பண்ணாது, போ."

அது கதிர் வீசும் உலோகம். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

சாயங்காலம் அவருடைய மச்சினன் அதே விலா வலியோடு ஆனையூரிலிருந்து வந்தான். நான் வேண்டுமென்றே தோரியக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தேன். டாக்டரின் முகம் வெளுத்தது.

"அத உள்ள வைங்க. நம்ம மாப்ளைக்கு எதுக்கு அதெல்லாம்? கையால அமுக்கிப் பாத்தாலே தெரியுதே!"

போன வருஷமும் அவருக்கு இதே கைதான் இருந்தது.