ஒத்துப்போன சிவப்பு

2006 ஆகஸ்ட் 12, சனி

ஆய்வு மாணவி செல்வியிடம் இன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவள் தயாரித்த ருத்தேனியம் சேர்மத்தின் கரைசல் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று போன வருஷம் கணினியில் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். அவள் கருவியில் எந்த அலைநீளத்தில் ஒளி உறிஞ்சப்பட்டதோ, என் கணக்கிலும் அதே அலைநீளம். கணக்கு ஒத்துவராவிட்டால் பத்து தடவை சோதிப்பேன். ஒத்து வந்ததால் இதை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று மத்தியானம் அதையே வேறொரு முறையில் ஓட்டிப் பார்த்தேன். ஒளியை உறிஞ்சி எலக்ட்ரான் போய்ச்சேரும் மற்ற நிலைகளெல்லாம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தன. சிவப்புக்குக் காரணம் என்று நான் காட்டிய அந்த ஒன்று மட்டும், நிறமே தராத புற ஊதாப் பக்கம் ஓடிவிட்டது. எலக்ட்ரான் மூலக்கூறின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவும் நிலை அது. அப்படிப்பட்ட தாவலுக்குப் பழைய முறை ஆற்றலை ரொம்பவே குறைத்துக் காட்டும். இது எனக்குத் தெரியாததா? வகுப்பில் நானே சொல்லித்தருகிறேன்.

திரையை அணைப்பதற்குள் செல்வி வந்து நின்றாள்.

"சார், மூணாவது சாப்டர் முடிச்சிட்டேங்க. வெள்ளிக்கிழமை தீசிஸ் குடுக்கணும். உங்க கணக்கு ஒத்துப்போச்சுனு எழுதியிருக்கேன். சரிதானே சார்?"

"ஒத்துப்போச்சும்மா."

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஓடினாள்.

நான் சொன்னது பொய்யில்லை. ஒத்துத்தான் போனது. தப்பான முறையில் தற்செயலாக ஒத்துப்போனது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் குப்பியில் அந்தச் சிவப்பு அப்படியேதான் இருக்கும். ஏன் சிவப்பு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியும்.