மகள் தூக்கிய கை

வியாழன் இரவு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. நம்மட மகள் இப்பதான் உறங்கினாள்.

எங்கட கடற்கரையில் அணு மின்நிலையம் வரலாம் என்ற கதையைப் பற்றி இன்று பள்ளிவாசல் மண்டபத்தில் கூட்டம். பல நாடுகள் கட்டித்தரப் போட்டி போடுதாம். "யார் கட்டினாலும் எரிபொருளுக்கும் திருத்த வேலைக்கும் காலம் முழுக்க அவங்களத்தான் பார்த்திருக்கணும்" என்றார் பேசியவர். அந்தக் காலம் முடியிறதுக்குள்ள மகள் கிழவியாகிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வேணாம் என்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார். என் கை எழும்பவில்லை. துருக்கியில் ரஷ்யாக்காரர் கட்டுகிற அணு மின்நிலையத்தில்தானே உங்களுக்கு வெல்டிங் வேலை. இங்கேயும் கட்டுகிற வேலை அவங்களுக்கே கிடைத்தால் வீட்டிலிருந்து வேலைக்குப் போகலாம் என்று நீங்க சொன்னது காதில் நின்றது.

மடியில் இருந்த மகள் எல்லாரையும் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள்.

"உம்மாட பங்கையும் சேர்த்துத் தூக்குது புள்ள!" என்று பக்கத்து வீட்டு ராத்தா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரஷ்யாவுக்குக் கிடைக்கட்டும் என்று துஆ கேட்கிறதா, யாருமே வரவேணாம் என்று கேட்கிறதா? இஷா தொழுதுவிட்டு ஒன்றும் கேட்காமல் எழும்பிவிட்டேன்.

விடிந்ததும் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவேன். அதைக் கட்டுகிற நீங்களே சொல்லுங்க, அதுக்குப் பக்கத்தில் மகளை வளர்ப்பீங்களா? சுருக்கா பதில் போடுங்க.