ஒரு கொடுக்கு போதும் என்றவளுக்கு

என் ஸ்டெல்லா,

உன்னை ஊரில் அடக்கம் செய்துவிட்டு நானும் நம் மகள் ஜெனியும் இந்த அரபு நாட்டுக்கு, புஜைராவுக்குத் திரும்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நினைத்தபோது கல்லறைக்கு வந்து பேச முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நல்ல செய்தி இல்லை. கோபம் வந்தாலும் முழுதும் கேட்டுவிடு.

ஞாயிறு காலையில் நாம் போவோமே, அந்த அலைத்தடுப்புக் கற்கள். அங்கே இப்போது கல் நண்டு இல்லை.

நான் திண்டுக்கல்காரன், நண்டைக் கண்டால் நாலடி தள்ளி நிற்பவன். நீ கடற்கரைக்காரி. கடல் வற்றும் நேரம் பார்த்து, மீன்தலை வைத்த வலைக்கூடையைக் கயிற்றில் இறக்குவாய். மீன்பிடி லைசன்ஸ் வாங்காமல் எங்களைக் கூடையைத் தொடக்கூட விட்டதில்லை. மேலே வந்த நண்டைத் திருப்பிப் பார்த்து, சினை இருந்தால் "போ தாயி, பெத்துட்டு வா" என்று விட்டுவிடுவாய். மற்றதில் பெரிய கொடுக்கு ஒன்றை மட்டும் மூட்டோடு சுத்தமாகக் கழற்றிவிட்டு, நண்டைத் தண்ணீரில் விடுவாய். கொடுக்கு மறுபடி வளரும், அதுவரை சாப்பிட அதற்கு ஒரு கை வேண்டாமா என்பாய்.

மூன்று பேருக்கு ஆறு கொடுக்கு. குழம்பில் தேடித்தான் எடுக்க வேண்டும். பேசாமல் மீன் மார்க்கெட்டுக்கே போயிருக்கலாம் என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! "உங்க வாய்க்கு வெண்டைக்காயே போதும்" என்பாய்.

உன் முதல் வருஷ நினைவு நாளில் இங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் உன் படத்தைப் போட்டேன். கையுறை மாட்டி, கூடையைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பாயே, அந்தப் படம். எல்லோரும் கைகூப்பினார்கள். ஒருவர் மட்டும் இது எந்த இடம் என்று கேட்டார். உன்னைப் பற்றி ஒருத்தராவது கூடுதலாகக் கேட்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. லொகேஷனை அனுப்பிவிட்டேன். நீ வேலை பார்த்த கிளினிக்கின் தோழிகளுக்குக்கூட நீ சொல்லாத இடம்.

அது எந்தெந்தக் குழுவுக்கெல்லாம் போனதோ. யார் யாரோ சாக்குப்பையோடு வந்தார்கள். இரண்டு கொடுக்கையும் முறித்துக்கொண்டு நண்டைக் கல்லிலேயே வீசிவிட்டுப் போனார்கள். சினை நண்டையும் விடவில்லை. ஒருவரைத் தடுத்தேன். கடல் என்ன உங்க வீட்டுதா என்று கேட்டார். அவரிடம் பேச எனக்கு என்ன வாய் இருக்கிறது? கூப்பிட்டவனே நான்தானே?

ஜெனிக்குப் பதினைந்து ஆகிவிட்டது. வீட்டில் உன் பேச்சையே எடுக்க மாட்டாள், எடுத்தாலும் இங்கிலீஷ்தான். ஞாயிறு காலை மட்டும் எனக்கு முன்னால் எழுந்து உன் கையுறையை மாட்டிக்கொள்வாள். அந்தக் கற்களில் உட்கார்ந்தால்தான் உன்னைப் பற்றிப் பேச்சு வரும். அதுவும் தமிழில். உன்னைப் போலவே இழுத்து இழுத்து.

போன ஞாயிறு மூன்று முறை கூடையை இறக்கினோம், மூன்று முறையும் வெறுங்கூடை. நாலாவது முறை ஒரு நண்டு வந்தது. இரண்டு கொடுக்கும் இல்லை. பிய்த்த இடம் கந்தலாக இருந்தது, ஆனால் உயிர் இருந்தது. ஜெனி அதைக் கல் இடுக்கில் விட்டு, மீன் துண்டைக் கிள்ளி அதன் வாயருகே வைத்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா இந்த இடத்த யாருக்குமே சொன்னதில்லையே. யாருப்பா சொன்னது?"

"தெரியலம்மா" என்றேன்.

அவள் கையுறையைக் கழற்றிக் கூடைக்குள் போட்டாள். இனிமேல் வரமாட்டேன் என்றாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு வார்த்தை தமிழ் இல்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள். தமிழில் திட்டியிருப்பாள். எனக்கு அந்தத் தைரியம் ஏன் இல்லாமல் போனது ஸ்டெல்லா?

இந்தக் கடிதத்தை அதே குழுவில் போடப்போகிறேன். படிக்கிற உங்கள் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தக் கற்களைச் சில வருஷம் விட்டுவிடுங்கள்.

ஆனால் ஸ்டெல்லா, அதற்கு முன்னால், ஜெனி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை எதிரில் உட்கார வைத்து இதை நானே வாசிப்பேன். "தெரியலம்மா" என்று நான் சொன்ன இடம் வரும்போது தாண்டிப் போக மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. கையுறையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். எடுத்து மாட்டுவதும் மாட்டாததும் அவள் இஷ்டம்.

ஜெனியின் அப்பா,
உன் புருஷன்