நாற்பது அடி மேலே

மார்ச் 4

அம்மா மொட்டை மாடியில் நின்று "சாப்பிட வாடா" என்று கத்தினாள். மலை அதை வாங்கி "வாடா, வாடா" என்று மைதானம் வரை அனுப்பியது. ஊற்று கிளம்பும் குடைவுப் பாறைதான் மலையின் வாய். ஊர் அம்மாக்கள் எல்லோருக்கும் இலவச ஒலிபெருக்கி. எனக்குத்தான் நஷ்டம் – ஒரு திட்டு வாங்கினால் மூன்றாக விழுகிறது.

மார்ச் 9

அடிவாரத்தை வெட்டிக் கல் எடுக்கப் போகிறார்களாம். மேலே இருக்கும் குடைவைத் தொடமாட்டார்களாம். எல்லை தெரிய, சர்வேயர் சிவப்புத் தலை வைத்த ஒன்பது முளைக்குச்சிகளை அடித்தார். குச்சிக்குக் கீழே வெட்டலாம், மேலே கூடாது. அவருக்குத் தொந்தி முதலில் வரும், ஆள் பிறகு வருவார். அவர் குடையை ஒளித்துவைத்தேன். "குரங்கு, ஓடிப்போ" என்றார். குரங்கா? பார்க்கலாம்.

மார்ச் 10

ஒன்பதையும் பிடுங்கி நாற்பது அடி மேலே நட்டேன். நாளை சரிபார்க்க வருவார். ஏறட்டும், மூச்சு வாங்கட்டும்.

மார்ச் 11

வந்தார். ஏறவில்லை. கீழே நின்றபடியே ஒன்பது தலைகளையும் விரலால் எண்ணிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். நாடகம் போட்டேன், நாயகன் மேடைக்கே வரவில்லை. குச்சிகளைத் திரும்ப நட வேண்டும். பரீட்சை முடியட்டும்.

மார்ச் 15

குச்சிகள் இல்லை. அதே இடங்களில் ஒன்பது சிமெண்ட் தூண்கள். தள்ளிப் பார்த்தேன். உதைத்தேன். கால்தான் வீங்கியது.

மார்ச் 16

சர்வேயர் அலுவலகத்தில் உண்மையைச் சொன்னேன். குமாஸ்தா சிரித்தார். "போன மாசம் எங்க வாசல்ல 'இன்று விடுமுறை'ன்னு அட்டை மாட்டினது நீதானே?"

"ஆமா சார். ஆனா இது நெசம் சார்."

சர்வேயர் வெளியே வந்தார். வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. "தூண் இருக்கிற இடம்தான் தம்பி எல்லை. மேலிடத்துல கையெழுத்தாகிப் போச்சு. கல் கூடக் கிடைச்சா யாரு வேணாம்னு சொல்லுவா? வீட்டுக்குப் போ."

மார்ச் 17

அப்பாவிடம் சொன்னேன். ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் ஊர்த் தொட்டியில் வால்வு திறப்பது அவர் வேலை.

"எத்தனை அடிடா?"

"நாப்பது."

கண்ணை மூடினார். மனதுக்குள் மலை ஏறிப் பார்த்திருப்பார். "ஊத்து முப்பது அடியிலயே இருக்கேடா."

அடித்திருக்கலாம். ஏன் அடிக்கவில்லை?

மார்ச் 20

அப்பா மனு கொடுத்தார். 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 2

முதல் வெடி. குடைவிலிருந்து உழவாரக் குருவிகள் புகை மாதிரிக் கிளம்பின. எத்தனை நூறு இருக்கும்? உள்ளே கூடு கட்டிக் குஞ்சு வைத்திருந்தவை. இருட்டும்வரை சுற்றிக்கொண்டே இருந்தன. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்ய முடியும் என்னால்.

ஏப்ரல் 9

தொட்டியில் கலங்கல். அப்பா டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். 'டீ ரெடி' என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 21

குடைவு இருந்த இடம் வெட்டவெளி. ஊருக்கு லாரித் தண்ணீர். அப்பா இன்றும் விடியற்காலையில் எழுந்து போய் வால்வைத் திறந்தார். காற்று வந்ததாம்.

மே 3

மைதானத்தில் கண் தெரியாமல் போகும்வரை ஆடினோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை என்று நினைத்தோம். கடைசியில் அம்மா அத்தனை தூரம் நடந்து வந்தாள். சேலை ஓரமெல்லாம் கல்தூசி.

"எவ்வளவு நேரமாடா கத்துறேன்," என்றாள்.

அவள் தொண்டை கட்டியிருந்தது.