வலது பக்க மெடல்

ஜனவரி 23

காலையிலேயே நல்ல காற்று. தூக்கமே இல்லை, சந்தோஷம்!

விளாத்திகுளம் பள்ளிக்கூட எச்.எம். மறுபடி போன். "குடியரசு தினத்துக்கு நீங்கதான் கொடி ஏத்தணும் சார்." சார்! கொழும்புக்குத் தோணியில் வெங்காயம் ஏற்றிப் போனவனை இதுவரை யாரும் சார் என்றதில்லை. போன வாரம் பஸ்ஸில் இவர்தான் பக்கத்து சீட்டுக்காரர். புயல் கதை சொன்னேன். "நேவியா?" என்று அவராகத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். மெடல் வாங்கியதாக நானே சேர்த்துவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

வாங்க வேண்டியது: வெள்ளை பேண்ட், ஷூ பாலிஷ், மெடல்.

"இந்தக் கூத்து நமக்கு எதுக்கு? ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு." என் மனைவி செலின். ஆனால் வருவாளாம். பட்டுச்சேலையை எடுத்து உதறிப் போட்டிருக்கிறாள்.

ஜனவரி 24

குலசை தசராவுக்கு வேஷச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடை. ராஜா, போலீஸ், காளி, எல்லாம் உண்டு. கடைக்காரர், "தசராவுக்கு இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு, அண்ணாச்சி!" மூன்று மெடல் எடுத்தேன். அசல் மெடலே தோற்றுவிடும்.

சாயங்காலம் ஒத்திகை. செல்போனில் ஒரு நேவி ஆபீசர் படம். கண்ணாடியில் அதே பக்கம் தெரியும்படி மெடலைக் குத்திக்கொண்டேன். சல்யூட். மறுபடி சல்யூட். செலினே சிரித்துவிட்டாள். குவைத்தில் இருக்கும் மகன் ஜெரினிடம் மூச்சு விடவில்லை.

ஜனவரி 26

கொடி ஏற்றினேன். பூ கொட்டியது. பிள்ளைகள் கைதட்டல். அதுவரை அருமை.

பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். பட்டாளத்தில் இருந்தவராம். என் சட்டையையே பார்த்தார். மெதுவாக, "சொந்த மெடல்னா இடது பக்கம்லா போடணும்? செத்துப்போனவங்க மெடலைத்தான் வீட்டாளு வலது பக்கம் குத்துவாங்க. யாரு அண்ணாச்சி... மகனா?"

கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டிக் காலை வாரிவிட்டது. தப்பித்தால் போதும் என்று தலையை ஆட்டினேன்.

அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். எச்.எம். மைக்கில்: "சார் தன் மகனையே நாட்டுக்குக் கொடுத்திருக்காங்க. நம்மகிட்ட சொல்லவே இல்ல." டீச்சர்கள் போய் செலினைக் கட்டிக்கொண்டார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வை! கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எச்.எம். மைக்கை நீட்டினார். "மகன் பேரைச் சொல்லுங்க சார், மௌன அஞ்சலி செலுத்துவோம்."

மைக்கை வாங்கினேன். அவன் பேரை எப்படிச் சொல்வேன்?

"எம் பையன் நல்லா இருக்கான். மெடல் வாடகைக்கு எடுத்தது. நான் நேவியே இல்ல."

மைக்கிலேயே சொன்னேன். பட்டாளத்துக்காரர் என் கையை விட்டார்.

ஜனவரி 27

மெடல் திருப்பிக் கொடுக்கணும். வெளியே தலைகாட்டப் பிடிக்கவில்லை. செலின் நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மத்தியானம் ஜெரின் போன். குரல் கேட்டதும் எனக்கு அழுகை முட்டியது. "சாப்பிட்டியாலே?" சாப்பிட்டானாம். மறுபடி கேட்டேன். மறுபடியும்.

"என்னப்பா, கேட்டதையே கேக்குதிய?"

செலின் போனைப் பிடுங்கினாள். "சாப்பிட்டியாலே?"