கேபிளில் பழுதில்லை

நைனாவுக்கு எழிலனின் வணக்கம். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? பெர்லினில் மழை. நான் நலம்.

நம் கம்ப்யூட்டர் சென்டரில் நெட் நின்றதற்குக் கேபிள் காரணமில்லை. போனைக் கேபிளில் மாட்டி நெட் எடுக்க, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் டிரைவர் என்று ஒரு நிரல் இருக்கிறது. அதில் ஒரு வரியைத் தேவையில்லை என்று போன மாதம் இங்கே என் வேலையில் நீக்கியவன் நான்தான். நம் கடைப் போன் போன்ற பழைய போன்களுக்கு அது வேண்டும். புதிய கெர்னல் தானாக வந்து சேரும்படி கடைக் கணினியை அமைத்தவனும் நான்தான்.

நெட் ஏன் வரவில்லை என்று தங்கச்சி மஞ்சு பத்து நாள் முன்பே என்னிடம் கேட்டாள். "கேபிளை மாத்திப் பாரு" என்றேன். "ஒயர இழுத்து இழுத்து அவதான் கெடுத்துட்டா" என்று நீங்கள் சொன்னபோதும் மறுக்கவில்லை. அதற்குள் வல்லத்துத் தைலம்மாள் அக்கா மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் போய்விட்டது. "புள்ள ஃபாரின்ல கம்ப்யூட்டர் வேல, இங்க ஒரு ஃபாரம் போவல" என்று பஸ் ஸ்டாண்டில் அவர் பேசியதும், நீங்கள் வந்து மஞ்சுவை அறைந்ததும் நேற்றுத்தான் தெரிந்தது.

நேற்றே என் மாற்றத்தைத் திரும்பப் பெற்றேன். காரணத்தையும் என் பெயரையும் அதில் எழுதியிருக்கிறேன். கணினியைத் திறக்கும்போது பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் இன்றே நெட் வரும். மஞ்சுவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கடைக்கு வேறு போன் வாங்கிக்கொண்டு, பழைய கடைப் போனை எனக்கு அனுப்புங்கள். அதில் சோதிக்காமல் இனி எதையும் மாற்றமாட்டேன். அதிலுள்ள அம்மா படங்களை அழிக்க வேண்டாம்.

தைலம்மாள் அக்காவிடம் நானே பேசுகிறேன். மஞ்சுவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அவள் சாப்பிட்டாளா என்று எழுதுங்கள். வேலைக்குப் போகும் ரயில் வந்துவிட்டது.

எழிலன்