கண்ணாடி வீட்டில் காஞ்சனாவை நடக்கவிட்டது

முருகன் துணை

திருத்தணி
24-12-1974

சிரஞ்சீவி சிவப்பிரகாசத்துக்கு நைனா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, காஞ்சனா மூவருக்கும் உடம்பில் ஒரு குறையுமில்லை, பிலாய்க் குளிரில் நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்களோ. மனசைப் பற்றிக் கேட்டால் முந்தாநாளிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறேன், காரணம் நீ.

பட்டணத்தில் வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டம் இருக்கிறது, அதில் இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டிய பழைய வீட்டுக்குள் மலைச்செடியெல்லாம் வளர்க்கிறார்கள், தங்கச்சியைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று நீ எழுதினாய். என் பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கார்த்திகை அமாவாசை, தறி ஓடாத நாள் என்று மூவரும் ரயிலேறினோம். உன் மைத்துனன் துளசிங்கம் ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துப்போனான். அமாவாசையில் எவன் பெண் பார்க்க வருவான், எனக்கு எப்படிச் சந்தேகம் வரும். உள்ளே சாயப்பட்டறை மாதிரி வெக்கை, தரையெல்லாம் ஈரம். ஒரு செடியின் இலையைக் காட்டி இதைக் கடைந்து தின்னலாமா என்று உன் அம்மா காவல்காரரைக் கேட்க, காஞ்சனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருஷமாகிறது. அப்போது ஒரு பருத்த அம்மாள் புருஷனோடும் பிள்ளையோடும் வந்து பேச்சுக் கொடுத்தாள். எனக்குக் கண்ணு சரியா தெரியலம்மா, அந்தக் கோடியில இருக்கிற செடிக்கு இன்னா பேரு, தகரத்தில எழுதிக்கிது பாரு, படிச்சிட்டு வாயேன் என்று காஞ்சனாவிடம் சொன்னாள். இவள் போய் இங்கிலீஷில் படித்துவிட்டு வந்தாள். மறந்துட்டேன், இன்னொரு வாட்டி என்றாள். காஞ்சனா என் முகத்தைப் பார்த்தாள். பெரியவங்க கேக்கறாங்க, போயிட்டு வாம்மா என்று நானே சொன்னேனடா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

முந்தாநாள் அந்த அம்மாள் வீட்டாரிடமிருந்து கடிதம் வந்தது. நடக்கவிட்டுப் பார்த்ததில் கால் குறை அவ்வளவாகத் தெரியவில்லை, தங்கள் குமாரர் எழுதியது உண்மைதான், எங்களுக்குச் சம்மதம் என்று. லுங்கியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதுபோல என் பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள், பிடித்துக்கொடுத்தவன் நீ. நேற்றுக் காலை வண்டிக்கே பட்டணம் போய்த் துளசிங்கத்தை நிறுத்திக் கேட்டேன். அவர்கள் வேண்டாமென்று போனால் காஞ்சனாவுக்குத் தெரியாமலே போகட்டும் என்று பாவாதான் ஏற்பாடு பண்ணச் சொன்னார் என்று உன்னைச் சொன்னான். பத்து வயதில் தறிக்குழியில் விழுந்து அவள் கால் முறிந்தது ஊருக்கே தெரியும், அதை என்றைக்காவது மூடி மறைத்தோமா? போன வருஷம் இரண்டு பேர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து, கால் குறையைச் சொல்லி வேண்டாமென்று போனார்கள், அழுதாள்தான். ஆனால் அப்போது அவள் பட்டுக்கட்டி, எதற்கென்று தெரிந்து வந்து நின்றாள். பிள்ளை நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான் என்கிறாள் உன் அம்மா. அவளோடும் எனக்குப் பேச்சில்லை.

காஞ்சனாவிடம் கடிதத்தைக் கொடுத்து நீ சொல்கிறபடி செய்கிறேனம்மா என்றேன். வேணாம் நைனா என்றாள். மாப்பிள்ளைக்கு மில்லில் நிரந்தர வேலை என்று நீ ஆயிரம் சொல்லலாம், வேண்டாமென்று இன்று காலையே கார்டு போட்டுவிட்டேன். பிறகு அவளே சொன்னாள், அந்தம்மா செடியைப் பாக்கவே இல்ல நைனா, என் காலத்தான் பாத்துகினு இருந்தாங்க, மொத வாட்டியே எனக்குத் தெரிஞ்சிபோச்சி என்று. தெரிஞ்சும் ஏம்மா மறுபடி நடந்தே என்று கேட்டேன். நீங்க போவச் சொன்னீங்களே என்றாள்.

கோபத்தில் ஆசீர்வாதத்தை நிறுத்த முடியாது, நீயும் மருமகளும் நன்றாயிருங்கள், விடியற்கால ஷிப்டுக்கு ஸ்வெட்டர் போடாமல் போகாதே. பதில் எனக்கு வேண்டாம், அவள் பெயருக்கு எழுது. நான் நேரில் கேட்டுவிட்டேன், நீயும் அவளிடம் மன்னிப்புக் கேள்.

இப்படிக்கு,
உன் நைனா
பஞ்சாட்சரம்